ஜேக்கப் ரீஸ் அந்த அறைக்குள் நுழைந்தது சரியா?

இருட்டறை:
பேயார்ட் தெருப் படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். 1889 வாக்கில் நியூயார்க்கில் செய்தியாளர் ஜேக்கப் ரீஸ் எடுத்த புகைப்படம். பக்கத்துக்கு 13 அடிகூட இல்லாத அறை, அதற்குள் ஆணும் பெண்ணுமாக 12 பேர். படுக்க ஓர் இடத்துக்கு இரவுக்கு 5 சென்ட் கூலி. நள்ளிரவில் உள்ளே போய் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி எடுத்திருக்கிறார். திடுக்கிட்டு விழித்த கண்கள் அப்படியே பதிந்திருக்கின்றன. அவர்களில் ஒருவரிடமாவது கேட்டாரா? வீடில்லாதவனுக்கு மிச்சமிருப்பது தூக்கம் ஒன்றுதான். அதையும் பறித்துக்கொண்டு வந்த படம் இது. இதைச் சமூக சேவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கயல்:
அவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டென்மார்க்கிலிருந்து 1870-இல் பிழைக்க வந்தவர், வேலையில்லாமல் தெருத்தெருவாகத் திரிந்தவர். ஒரு மழை இரவில் சர்ச் தெருக் காவல் நிலையத்தில் வீடில்லாதவர்கள் தங்கும் அறையில் படுத்தார். தூங்கும்போது கழுத்திலிருந்த தங்க லாக்கெட் திருடுபோனது. புகார் சொன்னதற்கு, உன்னிடம் தங்கம் ஏது என்று வெளியே தள்ளினார்கள். வாசலில் காத்திருந்த அவருடைய நாய்க்குட்டியை ஒரு காவலர் படியில் அடித்தே கொன்றார். இதைப் பட்டவர் வேடிக்கை பார்க்கப் போனார் என்று எப்படிச் சொல்வது? அப்புறம், காவல்துறைச் செய்தியாளராகப் பல வருடம் எழுதியும் பார்த்தார். எழுத்தால் யாரும் அசையவில்லை. ஜெர்மனியில் ஃபிளாஷ் பொடி வந்துவிட்ட செய்தியை 1887-இல் பேப்பரில் பார்த்த பிறகுதான் கேமரா பக்கம் வந்தார்.

இருட்டறை:
பட்டவர் என்பதால்தான் எனக்குக் கூடுதல் கோபம். ஆரம்பத்தில் பொடியைத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் வைத்துச் சுட்டார்கள். நடுராத்திரியில் முன்பின் தெரியாத ஆட்கள் கூட்டமாக வந்து சுட்டால் என்ன ஆகும்? ஜன்னல் வழியாகவும் தீ விபத்தில் தப்பிக்க வைத்த ஏணி வழியாகவும் ஜனங்கள் ஓடினார்கள் என்று அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிறகு துப்பாக்கியை விட்டுவிட்டு, பொடியை வறுவல் சட்டியில் வைத்துக் கொளுத்தினார். அந்தப் பொடியால் இரண்டு தடவை வீட்டில் தீப்பிடித்ததும் அவர் சொன்னதுதான். அத்தனை பேர் அடைந்து கிடக்கும் கட்டிடத்தில் தீ பிடித்தால் என்ன ஆகும் என்று அவருக்கா தெரியாது?

தெருவிளக்கு:
நான் இங்கே அதிகம் பேசுவதில்லை. ஏழு மாதம் பேருந்து நிலையத்தில் படுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஒரு விடியற்காலை முகத்தில் வெளிச்சம் அடித்தது. எழுந்து உட்கார்ந்தேன். படம் எடுத்த தம்பி தன் போனைப் பார்த்தபடியே நடந்து போய்க்கொண்டிருந்தான். அந்தப் படம் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படமே கூடாது என்று சொல்ல வரவில்லை. நியூயார்க் ஏழைகளைப் பற்றி ரீஸ் 1890-இல் எழுதிய புத்தகத்திலேயே ஓர் இடம் உண்டு. மல்பெரி தெருவில், ஏணிமேல் உட்கார்ந்து களிமண் சுங்கான் புகைக்கும் ஓர் ஆள். அசையாமல் இருந்தால் 10 சென்ட் என்கிறார் ரீஸ். சரி என்றவர், சுங்கானை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். சுங்கான் பேரத்தில் சேராது, அதுவும் படத்தில் வேண்டுமென்றால் 25 சென்ட்! ரீஸ் கொடுக்க வேண்டியதாயிற்று. உட்கார்ந்தே பிழைப்பவன் பத்து நொடியில் வேலைநிறுத்தம் செய்துவிட்டான் என்று கிண்டலாக எழுதுகிறார். எனக்கு அந்த ஆள் கேட்டது நியாயமான கூலி. அவருக்குப் பேரம் பேச நேரம் கிடைத்தது. பேயார்ட் தெருவில் படுத்திருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

கயல்:
அண்ணா, நீங்கள் சொன்னதற்கு மேல் பேச எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று. சுங்கான்காரர் பகலில், திறந்தவெளியில் இருந்தார். பேயார்ட் தெருவில் முன்கூட்டிக் கேட்டிருந்தால் இடத்தை வாடகைக்கு விட்டவன் அன்றைக்கு மட்டும் பாதிப் பேரை வெளியே அனுப்பியிருப்பான். அந்த நெரிசல் சட்டத்துக்கு விரோதமானது. ரீஸ் அங்கே போனதே சுகாதார அதிகாரிகளின் நள்ளிரவுச் சோதனையோடுதான். படம் யாரைக் குற்றவாளியாக்கியது? படுத்திருந்தவர்களையா, தலைக்கு 5 சென்ட் வாங்கியவனையா?

வடகாற்று:
படித்துக்கொண்டே வந்தேன். புத்தகத்தின் எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். சீனர்கள், இத்தாலியர்கள், யூதர்கள் என்று இனம் பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குணம் ஒட்டுகிறார். சீனர்களைப் பற்றிய பக்கங்களை என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை. படுத்திருந்தவர்களையும் அவர் குற்றவாளியாக்கத்தான் செய்தார்.

இருட்டறை:
அதோடு இதையும் பாருங்கள். 1892-இல் மேற்கு 47-ஆம் தெருக் காவல் நிலையத்தில் பெண்கள் தங்கும் அறையைப் படம் எடுத்தார். படுக்கை என்று வெறும் பலகை. பிறகு, பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் காவல் ஆணையராக வந்ததும் அவரை ராத்திரியில் அழைத்துப்போய், தன்னை வெளியே தள்ளிய அதே நிலையத்தைக் காட்டினார். 1896 பிப்ரவரியில் அந்த அறைகளை மூடிவிட்டார்கள். நியூயார்க்கில் பிப்ரவரி! பலகையும் போன அந்தப் பெண்கள் மறுநாள் எங்கே படுத்தார்கள்? படம் எடுத்தவருக்கு அறை ஒழிய வேண்டும். படுத்திருந்தவளுக்கு ஒரு கம்பளி போதுமாக இருந்திருக்கலாம். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

கயல்:
மூடினால் போதும் என்று அவர் விடவில்லை, நகரமே ஒழுங்கான விடுதி நடத்த வேண்டும் என்றும் எழுதினார். ஆனால் மாற்று ஏற்பாடு முதலில் வந்திருக்க வேண்டும். அதை ஒப்புக்கொள்கிறேன். பேயார்ட் தெரு விஷயத்தில் மட்டும் என் பேச்சை மாற்றிக்கொள்ள மாட்டேன். அந்தப் படம் இல்லையென்றால் அந்த 12 பேர் இருந்த தடமே நமக்குக் கிடைத்திருக்காது.

தெருவிளக்கு:
தடம் நமக்குக் கிடைத்தது தங்கச்சி. அவர்களுக்கு என்ன கிடைத்தது? ரீஸ் 1914-இல் இறந்த பிறகு கண்ணாடி நெகடிவ்கள் அவர் வீட்டுப் பரணில்தான் கிடந்தன. 1947-இல் நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் பெரிதாக்கி மாட்டினார்கள். அதற்குள் அந்த அறையில் விழித்தவர்களில் எத்தனை பேர் மிச்சமிருந்திருப்பார்கள்?

கயல் சொல்வதை நான் முழுக்கத் தள்ளவில்லை. பேயார்ட் தெருப் படத்தை நானும் பார்க்கிறேன், ஆனால் என்னால் நெடுநேரம் பார்க்க முடிவதில்லை. சுங்கான்காரர் படத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்ப்பேன். ஏணிமேல் உட்கார்ந்திருக்கிறார், சுங்கான் வாயில் இருக்கிறது.