சிரித்துப் பேசினால் என்ன அர்த்தம்? வேலையிடத்து அனுபவங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பெண்:
வெள்ளிக் கொலுசு மொத்தக் கடையில் சரக்கை எடை போட்டுச் சீட்டு எழுதுகிறேன். பட்டறையிலிருந்து வருகிற எல்லோரிடமும் "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்பேன், வாய் சும்மா இருக்காது. புதிதாகச் சேர்ந்த விற்பனையாளர் அதைத் தனக்கென்றே எடுத்துக்கொண்டார். இரவு பதினொரு மணிக்கு ரோஜாப்பூப் படத்தோடு வாட்ஸ்அப் வணக்கம்! "இனிமேல் உம்மென்று இரு" என்றார் அம்மா. அவர் தப்புக்கணக்குப் போட்டால் நான் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்? கூட்டம் இல்லாத மதிய வேளையில், "எல்லோரிடமும் கேட்பதைத்தான் தம்பி உங்களிடமும் கேட்டேன். கடை விஷயம் தவிர வேறெதுவும் அனுப்ப வேண்டாம்" என்றேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது. படங்கள் நின்றன, நான் விசாரிப்பதை நிறுத்தவில்லை.

சேலம் ஐந்து ரோடு, மனிதவளப் பிரிவு:
அந்த விற்பனையாளரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அமெரிக்க உளவியலாளர் அன்டோனியா அபி 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆணும் பெண்ணும் 5 நிமிடம் பேசினார்கள். வேறோர் ஆணும் பெண்ணும் மறைவிலிருந்து கவனித்தார்கள். பேசிய ஆணும் சரி, கவனித்த ஆணும் சரி, அந்தப் பெண்ணின் சகஜமான பேச்சில் பெண்கள் காணாத மயக்கும் நோக்கத்தைக் கண்டார்கள். சராசரிக் கணக்குதான், எல்லா ஆண்களும் அப்படி என்பதல்ல. எனக்கு உறைத்தது அந்த மறைவிலிருந்த ஆள்தான். நம் ஊரில் அவர் டீக்கடையில் நிற்பார்: "மாப்பிள்ளை, உன்னைப் பார்த்துத்தானே சிரித்தாள்?" எங்கள் பயிற்சியில் இந்த உசுப்பேற்றுகிறவர்களையும் உட்கார வைக்கிறேன். முறைக்கிறார்கள், முறைக்கட்டும்.

ஏற்காடு, எஸ்டேட் ஊழியர்:
மலையில் நேர்மாறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு கட்டாயம். எங்கள் காபித் தோட்டத்தில் குழு அமைத்ததும் எழுத்தர் பெண்களிடம் பேசுவதையே விட்டுவிட்டார். வம்பே வேண்டாமாம். சாயங்காலம் பழ மூட்டையைத் தராசில் வைத்தால், குனிந்த தலை நிமிராமல் எழுதுவார். பறித்தவர்கள் என்ன நினைப்பார்கள்? "எடையில் கை வைக்கிறார், அதனால்தான் முகம் பார்ப்பதில்லை." பயந்த மனிதருக்குத் திருட்டுப் பட்டம்! மூத்த அக்கா ஒருவர் தராசைப் பெண்கள் பக்கம் திருப்பி வைத்து, "பெயரையும் எடையையும் உரக்கச் சொல்லுங்கள் சார்" என்றார். இப்போது எழுத்தர் சொல்கிறார், பெண்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். போன வாரம் சாக்கின் எடையைக் கழிப்பது பற்றி அரை மணி நேரம் வாக்குவாதம்.