கம்ப்ளையன்ஸுக்குத் தமிழ்: இணக்கமா, ஒழுகலா?

பாலாற்றங்கரை: அன்பர்களே, வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘கம்ப்ளையன்ஸ்’, அதாவது சட்டவிதிப்படி நடப்பது, 41 இடத்தில் வருகிறது. ‘இணக்கம்’ நெருடுகிறது. ‘மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு இணக்கமாகப் போனார்’ என்றால் நம்மூரில் வேறு அர்த்தம்.

சொல்லேர்: அடங்கு அடக்கம் ஆவதுபோல இணங்கு இணக்கம், இலக்கணப் பிழையில்லை. ஆனால் ‘இணை’ சமமானவர்கள் சேர்வது. சட்டத்துக்கும் ஆலைக்கும் சமன் ஏது? ‘விதியொழுகல்’ என்க. நீர் தன் தடத்தில் போவது ஒழுகல். மனிதன் நெறியில் போவது ஒழுக்கம். சங்கப் பாட்டில் உப்பு வணிகரின் வண்டி வரிசையே ‘உமணர் ஒழுகை’. உப்பால் நொந்த பாலாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் உண்டா?

கழிவுநீர்க்காரன்: ஐயா, சுத்திகரிப்பு நிலையத்தில் ‘ஒழுகல்’ என்று பலகை வைத்தால் பிட்டர் ஸ்பேனரோடு ஓடிவருவார்.

அமுதா: ‘அமல்’ போதாதா? ஆம்பூரில் எல்லாருக்கும் புரியும்.

சொல்லேர்: அரபுச் சொல்லம்மா அது. ‘அடங்கல்’ என்றாலும் சம்மதம்.

அமுதா: அது வி.ஏ.ஓ. கணக்கு ஐயா!

கழிவுநீர்க்காரன்: எதற்குச் சொல் தேடுகிறோம் என்று முதலில் பார்ப்போம். கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் (நமக்குப் பெரும்பாலும் உப்பு) வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். 8,000 உள்ள கழிவுநீர் ஒரு லட்சம் லிட்டர் என்றால், அதில் 800 கிலோ. 600 உள்ள கிணற்றுநீரை ஐந்து லட்சம் லிட்டர் ஊற்றுங்கள், 1,833 ஆகிவிடும். சோதனைக்கு எடுக்கும் நீர் மாதிரி தேறும், 800 கிலோவில் ஒரு கிராம் குறையாது, நல்ல தண்ணீரும் போச்சு. இன்னொருவர் ஊறப்போடும் முன்பே தோலை உதறி, அது கெடாமலிருக்கத் தடவிய உப்பைத் தட்டி எடுக்கிறார். அந்த உப்பு தண்ணீரையே தொடாது. (தட்டியதைக் கூரையில்லாத இடத்தில் குவித்தால் ஒரு மழையில் எல்லாம் வீண்.) ‘திரவ வெளியேற்றம் பூஜ்யம்’ என்பதும் இப்படித்தான். ஆர்.ஓ. (சவ்வு வழி நீரை வடிகட்டும் கருவி) ஒதுக்கும் உப்புக் கழிவை ஆவியாக்கியில் காய்ச்சினால் திரவம் பூஜ்யம். ஆனால் குளோரைடும் சல்ஃபேட்டும் கலந்த உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்கும், திரும்பத் தோலுக்கு ஆகாது. மீட்டருக்குப் பயப்படுகிறவரும் ஆற்றுக்குப் பயப்படுகிறவரும் ஒரே சொல்லில் அடங்குவார்களா?

பாலாற்றங்கரை: 28.8.1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டதோடு நிற்கவில்லை; கெட்ட மண்ணையும் நீரையும் மீட்கும் செலவும் கெடுத்தவருடையது என்றது. அபராதம் மட்டும் மனத்தில் நின்றால் முதலாளி மாதிரி எடுக்கும் நாளைத்தான் கவனிப்பார். ஆகவே பொதுவாக ‘விதி கடைப்பிடிப்பு’, எண்ணுக்குள் நிற்பதற்கு மட்டும் ‘வரம்படக்கம்’. சரியா?

அமுதா: ‘வரம்படக்கம்’ வயல் வரப்புபோல ஒலிக்கிறது. கடைப்பிடிப்புக்கு என் ஓட்டு. வியாழன் ஆகிவிட்டது.

கழிவுநீர்க்காரன்: எனக்கும் அதுவே. இரண்டாவது சொல் அடுத்த பதிப்பில்.

சொல்லேர்: சொல்லடைவிலாவது ‘விதியொழுகல்’ இருக்கட்டும்.

கழிவுநீர்க்காரன்: போடுங்கள். பக்கத்தில் ‘குழாய்க் கசிவு அல்ல’ என்று ஒரு குறிப்பும்.