'கன்ஸ்ட்ரிக்ட்' எங்கெல்லாம் வரும்? உதவுங்கள்

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் நர்சிங் மாணவிகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். 'கன்ஸ்ட்ரிக்ட்' என்ற வினைச்சொல்லில் உங்கள் உதவி வேண்டும்.

உடம்பைப் பற்றிப் பேசும்போது சந்தேகமே இல்லை. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், டார்ச் அடித்தால் கண்பாவை சுருங்கும். இரண்டுக்கும் இதே சொல்தான். மலைப்பாம்பு இரையைச் சுற்றி இறுக்குவதற்கும் இதுதான். (மூச்சுத் திணறலைவிட ரத்த ஓட்டம் தடைப்படுவதே இரையைக் கொல்கிறது என்று போவா பாம்பை வைத்து 2015-இல் வந்த ஆய்வு காட்டியது. மாணவிகள் இதை ஆர்வமாகக் கேட்டார்கள்.) துவைத்த துணி சுருங்கினால் 'ஷ்ரிங்க்', நட்டை முடுக்கினால் 'டைட்டன்'. இதுவரை சரி.

சிக்கல் சாலையில்தான். ஏற்காடு மலைப்பாதை சில வளைவுகளில் குறுகுவதற்கு 'நேரோ' என்றே எழுதச் சொல்கிறேன். மண் சரிந்து ஒரு பக்கம் அடைபட்டால் 'கன்ஸ்ட்ரிக்டட்' எனலாமா? அப்புறம், விதிமுறைகள் ஒருவரைக் கட்டிப்போடுவதற்கு இது பொருந்துமா, 'ரெஸ்ட்ரிக்ட்' தான் இயல்பா? ஆளுக்கொரு எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுத்தால் அப்படியே போர்டில் எழுதிப் போடுவேன்.