மடல் குவியலைக் குறைக்கப்போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

அரைத்தூக்கம்:
எல்லாரும் சொல்லும் அந்த ஃபில்டர்தான். விளம்பர மடல்களின் அடியில், இனி வேண்டாம் என்று விலகுவதற்காக இருக்குமே, அந்த 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல் இருக்கும் மடலெல்லாம் இன்பாக்ஸுக்கு வராமல் தனி ஃபோல்டருக்குப் போய்விடும். போட்ட அன்றே பாதிச் சுமை போனது. பெருமையாக நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன். 19 நாள் கழித்து அந்த ஃபோல்டரைத் திறந்தால், இரண்டு தள்ளுபடி விளம்பரத்துக்கு நடுவில் ஒரு நேர்காணல் அழைப்பு. ஏதோ மென்பொருள் வழியாக அனுப்பியிருக்கிறார்கள். அடியில் பொடி எழுத்தில் அந்தச் சொல். நேர்காணல் முடிந்து 12 நாள் ஆகியிருந்தது.

ஒற்றைவரி:
எனக்கு ரிப்ளை ஆல். யாரோ மொத்த அலுவலகத்துக்கும் ஒரு மடலைத் தட்டிவிட, 'என்னை இதிலிருந்து எடுங்கள்' என்று ஆளாளுக்கு எல்லாருக்குமே பதில் போட்டார்கள். கடுப்பாகிப் பக்கத்து இருக்கைக்காரருக்கு, 'இதுகளுக்கெல்லாம் யார் கம்ப்யூட்டர் கொடுத்தது' என்று எழுதினேன். அவருக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். திரையின் அடியில், அனுப்பியதைத் திரும்பப் பெறும் 'அன்டூ' வந்தது. கை மவுஸைத் தேடுவதற்குள் மறைந்தது. ஜிமெயிலில் அது முதலில் 5 விநாடிதான் இருக்கும், செட்டிங்ஸில் 30 வரை கூட்டலாம் என்று அன்று மாலைதான் தெரிந்தது. முதல் சிரிப்பு ஜன்னல் பக்கமிருந்து வந்தது. இன்னும் காதில் இருக்கிறது.

மேசைவிளக்கு:
அரைத்தூக்கம், ஃபில்டர் மேல் பழி போடாதீர்கள். வாரம் ஒருமுறையாவது ஃபோல்டரை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். நானும் ஒருமுறை பில் மடலைக் கோட்டைவிட்டவன்தான், அது கிடக்கட்டும். முதலில் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை மட்டும் பாருங்கள். 2015இல் வந்த ஓர் ஆய்வில் 124 பேரை ஒரு வாரம் அப்படிப் பார்க்கச் சொன்னபோது மன அழுத்தம் குறைந்ததாம். விளம்பர மடலை ஒளித்துவைக்காமல் வேரோடு நிறுத்துங்கள். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்கள், விளம்பரமாக இருந்தால், ஒரே சொடுக்கில் விலக வழி வைக்க வேண்டும் என்று 2024இல் விதியே வந்துவிட்டது. சம்பந்தமில்லாத நீண்ட உரையாடலா, 'மியூட்' போடுங்கள். அழிக்க மனம் வராததை ஆர்க்கைவ் செய்யுங்கள், தேடினால் கிடைக்கும். அப்புறம், காலையில் எழுந்ததும்...

ஒற்றைவரி:
மேசைவிளக்கு, நான் இருப்பது வாடிக்கையாளர் புகார்ப் பிரிவு. மூன்று முறைதான் பார்ப்பேன் என்றால் நான்காவது முறை பார்க்க வேலை இருக்காது. அந்த 124 பேரில் எங்கள் மேலாளருக்குக் கீழே வேலை பார்த்தவர் யாராவது உண்டா?

தூரிகை:
சரி, அதை விடுங்கள். அரைத்தூக்கம், நேர்காணலுக்கு வரவில்லை என்று அவர்கள் போன் பண்ணவில்லையா?

அரைத்தூக்கம்:
இல்லை. நினைவூட்டல் மடல் ஒன்று அனுப்பியிருந்தார்கள். அதுவும் அதே ஃபோல்டரில்தான் கிடந்தது. அதற்கு மேலே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை.