மக்காச்சோளப் பாகு சர்க்கரையைவிடக் கொடியதா?

பர்கூர்வாசி:
வணக்கம். ஓசூரில் ஒரு கடையில் வாங்கிய அமெரிக்கத் தக்காளி சாஸ் புட்டியில் 'ஹை ஃபிரக்டோஸ் கார்ன் சிரப்', அதாவது ஃபிரக்டோஸ் மிகுந்த மக்காச்சோளப் பாகு, என்று அச்சிட்டிருந்தது. அது கல்லீரலை அரிக்கும் நஞ்சு என்றும், நம் ஊர்ச் சர்க்கரையால் ஒன்றும் ஆகாது என்றும் வாட்ஸப்பில் ஒரு செய்தி உலவுகிறது. என் கணவருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததால் கேட்கிறேன்: இந்தப் பாகை மட்டும் விலக்கினால் போதுமா?

பாலக்கோட்டான்:
போதாது, அம்மா. நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கு மாவைப் போலவே மக்காச்சோள மாவும் குளுக்கோஸ் கண்ணிகளாலான சங்கிலிதான். நொதிகளைக் கொண்டு அதை உடைத்தால் குளுக்கோஸ் பாகு கிடைக்கும். அதில் ஒரு பகுதியை இன்னொரு நொதியால் ஃபிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரையாக மாற்றினால், நீங்கள் புட்டியில் படித்த பாகு வரும். அதன் சர்க்கரையில் ஃபிரக்டோஸ் ஒரு வகையில் 42 விழுக்காடு, குளிர்பானத்துக்கான வகையில் 55 விழுக்காடு. வெள்ளைச் சர்க்கரையோ குடலில் உடைந்ததும் சரிபாதி குளுக்கோஸ், சரிபாதி ஃபிரக்டோஸ். இந்தச் சிறு வித்தியாசத்துக்காக ஒன்றை நஞ்சென்றும் மற்றதை அமுதமென்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் அது பரவியதற்குக் காரணம், அங்கே மக்காச்சோளம் மலிவு, சர்க்கரை விலை அதிகம் என்பதுதான்.

கல்லீரலைப் பற்றிய அச்சத்தில் உண்மை உண்டு. ஃபிரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரலே கையாளுகிறது; அளவுக்கு மீறி வரும்போது அதில் ஒரு பகுதியைக் கொழுப்பாக மாற்றிவிடுகிறது. ஆனால் அந்த ஃபிரக்டோஸ் சோளத்திலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று கல்லீரல் விசாரிப்பதில்லை. 2,000 கலோரி உண்பவருக்கு, உணவில் சேர்க்கும் சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையும் சேர்ந்து ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என 2015இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. தேக்கரண்டிக் கணக்கில் 25 கிராம் என்பது ஆறு கரண்டி. சாஸை விட்டுவிட்டு, காலையும் மாலையும் காபிக்கு மும்மூன்று கரண்டி போட்டால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கரும்புக்காரர்:
இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? வெல்லத்துக்கு மாறிவிடுங்கள்.

பாலக்கோட்டான்:
நானும் கடத்தூர் சந்தை வெல்லம் தின்று வளர்ந்தவன்தான். ஆனாலும் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வெல்லத்தில் இரும்பு முதலிய தாதுக்கள் சிறிதளவு உண்டு, மிகப் பெரும்பகுதி சர்க்கரையே. கரும்புப் பாகில் வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சி, நிறத்துக்கு ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் போடுவோரும் இருக்கிறார்கள். கறுத்த வெல்லமாகப் பார்த்து வாங்கலாம், ஆனால் அளவைக் கூட்டாதீர்கள்.

பர்கூர்வாசி:
மிக்க நன்றி. எங்கள் பக்கத்துப் பெங்களூரா மாம்பழம்தானே மாங்கூழாகிறது என்று மகளுக்கு நம்பிக்கையோடு வாங்கித் தரும் மாம்பழப் பானத்தை இன்று திருப்பிப் பார்த்தேன். 100 மில்லிக்குச் சர்க்கரை 13 கிராம். பொட்டலம் 160 மில்லி. அவள் கண்ணெதிரே ஒரு தம்ளரில் ஐந்து கரண்டிச் சர்க்கரையைப் போட்டுக் காட்டினேன். மூன்றாவது கரண்டியிலேயே "போதும்மா" என்றாள். கணவருக்குக் காபியில் இனி ஒரு கரண்டிதான். அவருக்குத்தான் இன்னும் சொல்லவில்லை.