புதுப்பிப்பு: ஹெட்ஃபோன் செருகினால் மடிக்கணினி மைக் ஊமையாகும் சிக்கல்

ஹெட்ஃபோனைச் செருகியதும் மடிக்கணினியின் உள்மைக் ஊமையாகிவிடுகிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன், காரணம் பிடிபட்டுவிட்டது. என் கணினியில் இருப்பது ஒலிக்கும் மைக்குக்கும் பொதுவான, 4 தொடர்புகள் கொண்ட 3.5 மி.மீ. துளை. மைக் இல்லாத என் ஹெட்ஃபோனின் செருகும் பின்னிலோ (pin) உலோகப் பகுதிகள் 3 மட்டுமே. அதன் அடிப்பகுதி துளையிலுள்ள மைக் தொடர்பையும், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் தரைத் தொடர்பையும் (ground) ஒன்றாக இணைத்துவிடுவதால், வெளிமைக் எதுவும் இல்லை என்று கணினி அறிந்துகொள்ள வேண்டும். ஆனால் பாம்பனில் கடலைப் பார்த்த சன்னலோரத்தில் மாதக்கணக்கில் கிடந்த அந்தப் பின்னின் அடியில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அது உண்டாக்கிய மின்தடையையே மைக் என்று எடுத்துக்கொண்டு, கணினி இல்லாத மைக்குக்குக் காதுகொடுத்திருக்கிறது.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பின்னைத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் செருகினேன். விண்டோஸ் அமைப்புகளின் ஒலிப் பகுதியில், உள்ளீடாக உள்மைக்கையும் தேர்ந்தெடுத்து வைத்தேன். செருகும்போது ஹெட்ஃபோனா, மைக்கும் சேர்ந்த ஹெட்செட்டா என்று கேட்கும் கணினியானால் ஹெட்ஃபோன் என்பதையே தேர்ந்தெடுங்கள். ஒலியை இயக்கும் டிரைவர் மென்பொருளை நான் இரண்டு முறை மாற்றிப் பதிந்தது தேவையற்ற வேலை. நேற்றிரவு தங்கச்சிமடத்திலுள்ள அக்காவுடன் அரை மணி நேரம் பேசினேன். வெளியே வீசிய கச்சான் காற்றின் இரைச்சலும் அவருக்குத் தெளிவாகக் கேட்டதாம்.