மறுமடல்: முடைவா, பிணைவா?

அன்புடையீர்,

திங்கட்கிழமை காலை காரைக்குடியில் முதுகலை இயற்பியல் மாணவர்களுக்கு நான் தமிழில் பாடக்குறிப்பு வழங்கியாக வேண்டும். குவாண்டம் இயற்பியலில் இரு துகள்கள் தொலைவில் பிரிந்திருந்தும் தனித்தனி நிலையின்றிச் சேர்ந்து ஒரே நிலையாக இருப்பதுண்டு. ஆங்கிலத்தில் ‘என்டேங்கிள்மென்ட்’ எனப்படும் இதற்கு இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1935இல் ‘ஃபெர்ஷ்ரெங்குங்’ என்று ஜெர்மனில் பெயரிட்டார். தமிழில் இதற்கு நம் கலைச்சொல் குழுவில் இதுவரை ஐந்து சொற்கள் வந்துள்ளன, ஒன்றும் நிற்கவில்லை. ‘சிக்கல்’ என்பதை முதலிலேயே விட்டுவிடலாம். பாடமே சிக்கல் என்றுதான் மாணவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தேவகோட்டை ஐயா ‘முடைவு’ என்கிறார். அந்த ஜெர்மன் சொல் கைகளைக் குறுக்கே மடித்துக் கட்டிக்கொள்வதற்கும் வழங்குவதால், ஓலைக் கொட்டான் முடைவதே அதற்கு நேர் என்பது அவர் வாதம். எங்கள் வீட்டு ஆச்சி கொட்டான் முடைவதை நேற்று அருகிலிருந்து பார்த்தேன். ஓர் ஓலை தளர்ந்திருந்தது. அதன் நுனியை அவர் இழுத்ததும் எதிர்ப்பக்க விளிம்பு சுருங்கிக் கோணியது. குவாண்டத்தில் இப்படி இங்கே இழுத்து அங்கே இருப்பவருக்குச் செய்தி சொல்ல இயலாது. மேலும், வட்டிக் கணக்கில் வளர்ந்த ஊரில் ‘முடை’ என்றால் பணமுடைதான் நினைவுக்கு வரும்.

செம்புலப் பெயல்நீரைக் காட்டிக் ‘கலப்பு’ என்ற அம்மையாரின் சுவையை மதிக்கிறேன். ஆனால் ‘கலப்பு நிலை’ வேறொன்றுக்கு, அதாவது பல நிலைகளுள் எது என்று நிகழ்தகவாக மட்டும் சொல்லக்கூடியதற்கு, வழங்கிவருகிறது; ‘தூய நிலை’ அதற்கு எதிர். இரு ‘கலப்பு’களும் ஒரே பக்கத்தில் மோதும்: இரு துகள்களும் சேர்ந்த முழுமை தூய நிலையில் திட்டவட்டமாக இருக்க, அவற்றுள் ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது கலப்பு நிலையாகவே தெரியும். முழுமைக்கு உண்டு, உறுப்புக்குத் தனியே இல்லை என்னும் இந்தப் பொருள்தான் சொல்லில் ஏற வேண்டும்.

ஆகவே ‘பிணைவு’. பிணைத்தல் பிறவினை, அதிலிருந்து வந்த ‘பிணைப்பு’ ஏற்கெனவே வேதியியலாரிடம் போய்விட்டது. பிணைதல் தன்வினை, சேர்ந்து ஒரே நிலையாயின என்பதை அது காட்டும். தொல்காப்பிய மரபியல் பெண்பாற் பெயர்களுள் ‘பிணை’யையும் எண்ணுகிறதே, அது கலைமானின் துணையல்லவா என்று ஒருவர் நேற்றிரவு மூன்று மடல் எழுதினார். கலைச்சொல் விவாதத்தில் கலையும் பிணையும் சந்திப்பது அழகுதான், குறிப்புக்கு உதவாது.

நாளை மாலைக்குள் வலுவான மறுப்பு வராவிடில் ‘குவாண்டம் பிணைவு’ என்றே அச்சுக்குக் கொடுப்பேன்.

தேவகோட்டையிலிருந்து:

பணமுடையை நினைத்தவருக்குப் பிணைப் பத்திரம் நினைவுக்கு வரவில்லையா? கடன் கொடுக்கும் நாளிலேயே எழுதி வாங்கிப் பெட்டியில் பூட்டுவது அது. தொலைவிலுள்ள அளவீடு இங்குள்ள துகளைத் தொடாது என்று கொண்டால், துகள்கள் பிரியும்போதே விடையை எழுதி எடுத்துச் சென்றன என்னும் விளக்கம் செல்லாது என்பதைத்தானே இயற்பியலாளர் ஜான் பெல் 1964இல் காட்டினார்? அதைச் சோதனையில் நிறுவிய ஆஸ்பெ, கிளாசர், ஸைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசும் கிடைத்தது. மறுக்கப்பட்ட பொருளையே பெயராக வைக்கிறீர்கள். பெரும்பான்மை உங்கள் பக்கம் இருப்பதால் அச்சிடுங்கள். என் படியில் அதை அடித்துவிட்டு ‘முடைவு’ என்று எழுதிக்கொள்வேன்.